வாதத்தைப் பிரித்துப் பார்க்க ஏஐ

பட்டிமன்றப் பேச்சை ஏஐயிடம் எழுதி வாங்குவதில் பிள்ளைகளுக்கு லாபமில்லை. அதற்குப் பதில் ஓட்டை வாதம் ஒன்றை எழுதி வாங்குங்கள். சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் இப்படிக் கேட்கலாம்: "பள்ளிக்கு செல்போன் கூடாது என்று எட்டாம் வகுப்புக்கு ஏற்றபடி ஆறு வரி எழுது. ஆதாரமில்லாத காரணம் ஒன்று, எதிராளியை மட்டம் தட்டும் வரி ஒன்று கலந்துவிடு. எவை என்று சொல்லாதே."

அச்செடுத்துக் கொடுங்கள். முடிவுக்கு அடிக்கோடு, காரணத்துக்கு வட்டம். பிறகு, "இந்தக் காரணத்தை வைத்து இந்த முடிவுக்கு வர முடியுமா?" என்று கேளுங்கள், பாடமே இந்தக் கேள்விதான். மணிமேகலையின் 29-ஆம் காதையும் வாதத்தைப் பக்கம் (முடிவு), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரிக்கிறது: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்க்கிறோமே, அதுபோல. தமிழாசிரியர்களுக்கு இது கைவசம் உள்ள சரக்கு.

பிள்ளைகள் தேடி முடித்த பிறகே ஏஐயிடம் விடை கேளுங்கள். சில சமயம் பிள்ளைகள் பிடித்த ஓட்டையை அது விட்டுவிடும், வகுப்பு களைகட்டும்.

ஏஐ சொல்லும் ஆய்வு, சதவீதம் எதையும் சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுதாதீர்கள். இல்லாத ஆய்வைக்கூடக் கூசாமல் சொல்லும். மாணவர் பெயரையும் படத்தையும் அதில் ஏற்ற வேண்டாம்.