சான்ரிக்குக் கடற்கரை

ஜப்பான் நாட்டின் பெருந்தீவாகிய ஹோன்ஷுவின் வடகிழக்குக் கரைக்குச் சான்ரிக்கு என்பது பெயர். அங்கே மலைகள் கடலுக்குள் கால் நீட்டி நிற்கின்றன. அக்கால்களினிடையே கடல் புகுந்து குடாக்களாகக் கிடக்கிறது. குடாக்களின் ஓரத்தில் மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. அவ்வூர்களை இணைத்து, வடக்கே கூசி முதல் தெற்கே சாகாரி வரை 163 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓர் இருப்புப்பாதை செல்கிறது. அதில் ஓடும் சிறிய டீசல் வண்டியில் நாமும் ஏறுவோம். மிதிவண்டியைக் கழற்றி உறையிலிட்டு உடன்கொண்டு செல்லுதல் அந்நாட்டு வழக்கம். ஆதலின், வேண்டிய நிலையத்தில் இறங்கி, அதனை மீண்டும் பூட்டி ஊர்ந்து செல்லலாம்.

கூசியை விட்டுத் தெற்கே செல்லும் வண்டி, மலைகளைக் குடைந்த இருள்வழிகளில் நுழைந்து நுழைந்து வெளிவருகிறது. ஓசாவாப் பாலத்தின்மேல் பயணிகள் கடலைக் கண்டு மகிழுமாறு அது சற்றே நிற்பதுண்டு. மியாக்கோ நகரை அடைந்தால், ஜோதோகாஹாமா என்னும் கரையில் வெண்பாறைகளும் அவற்றின்மேல் பசும்பைன் மரங்களும் நீலநீரில் நிழலாடக் காணலாம்.

இத்துணை எழில் வாய்ந்த கடல் சினந்தெழுந்த நாள்களும் உண்டு. 1896ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை 20,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1933இல் மீண்டும் பேரலை வந்தது. அதனைக் கண்டறிந்தவர் ஃபுதாய் ஊர்த்தலைவர் வாமுரா. அவர் 15 மீட்டருக்கும் மிகுந்த உயரமுடைய வெள்ளத்தடுப்புக் கதவம் ஒன்றை அமைக்க முனைந்தார். ‘இத்துணை உயரம் எதற்கு? வீண் செலவன்றோ?’ எனப் பலர் குறைகூறினர். அவர் தளரவில்லை, 1984இல் பணி முடிந்தது. 2011 மார்ச்சு 11ஆம் நாள் பேரலை எழுந்தபோது அக்கதவமே ஊரின் வீடுகளைக் காத்தது. அதனைக் காண வாமுரா அன்று உயிரோடில்லை.

அன்று இருப்புப்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஷிமானொகோஷி நிலையம் அடியோடு அழிந்தது. ஆயினும் ஐந்தே நாள்களில், கூசியை அடுத்த சிறு பகுதியில் வண்டி மீண்டும் ஓடியது. மக்களிடம் கட்டணம் பெறாமலே ஓடியது. 2014இல் அந்நிலையமும் புதிதாக எழுந்தது.

மியாக்கோவிலிருந்து மிதிவண்டியில் ஓமோயே தீபகற்பத்தின் மேடுபள்ளங்களைக் கடந்தால் அனெயோஷி என்னும் சிற்றூரை அடையலாம். 1896இல் அவ்வூரில் உயிர் தப்பியோர் இருவர், 1933இல் நால்வர். எஞ்சியோர் மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டு, அதற்குக் கீழே வீடு கட்டலாகாது என்று பொறித்தனர். அன்று தொட்டு வழிவந்தோர் அச்சொல்லை மீறவில்லை. 2011இல் பேரலை மேலேறி வந்து, அக்கல்லை எட்டாமலே திரும்பியது. வீடுகள் யாவும் நிலைத்தன.

நம் கரையும் 2004 டிசம்பர் 26இல் இத்துயரைக் கண்டதன்றோ? கல்லைப் பொறித்தவர் தாம் கண்டதைப் பின்வருவோர்க்குச் சொல்லிச் சென்றனர். பின்வந்தோர் அதனைக் கேட்டனர். சொல்வாரும் கேட்பாரும் ஒருங்கே அமைந்தமையால் அவ்வூர் இன்றும் நிலைத்துள்ளது.