"எல்லாம் தெரியும் சார்!"

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஓயாமல் சந்தேகம் கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டாவது வாரமே "எல்லாம் தெரியும் சார்" என்பவர்களை நினைத்தால்தான் பயம். ஏன் என்று ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

விழுப்புரம் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன், போட்டோக்களையெல்லாம் பென் டிரைவில் காப்பி செய்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் அவர் காப்பி செய்தது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை. ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்குமே, அதுதான். ஷார்ட்கட் என்பது ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே. ஓரிரு கேபி அளவுதான் இருக்கும். ஆனாலும் பென் டிரைவில் அதை டபுள் கிளிக் செய்தபோது படங்கள் திறந்தன! ஒரிஜினல் அதே கம்ப்யூட்டரில் இருந்ததே காரணம். திண்டிவனத்தில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டபோது ஒன்றும் வரவில்லை. அதற்குள் ஃபார்மட் முடிந்துவிட்டது. மகளின் காதுகுத்துப் படங்களில் பாதியைக்கூட ரெக்கவரி சாஃப்ட்வேரால் மீட்க முடியவில்லை.

அவர் அலட்சியமானவர் அல்ல, சரிபார்க்கவும் செய்தார். ஷார்ட்கட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் தவறே நடந்திருக்காது. நடந்த தவறைக் கண்டுபிடிக்கவும் அதே விஷயம்தான் தெரிந்திருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, முடிவை 1999-ல் வெளியிட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். ஆனால் 62 பேரை முந்திவிட்டதாக நினைத்தார்கள்! நன்றாக எழுதியவர்களோ தங்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி கணக்கிடும் முறையால் வருவது என்று பிறகு சிலர் வாதிட்டதும் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு: தர்க்கத்தில் சிறிது பயிற்சி கொடுத்ததும், பின்தங்கியவர்களே தங்கள் பழைய விடைகளை முன்பைவிடச் சரியாக எடைபோட்டார்கள்.

பேக்கப் எடுத்ததும் ஒரிஜினல் ஃபோல்டர், பென் டிரைவில் உள்ளது இரண்டையும் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் அளவும் ஃபைல்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். அதுவரை ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள்.