வன்தட்டும் இரண்டு வடங்களும்

சென்ற அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் எங்கள் பள்ளிக் கணினி ஒன்று இயங்க மறுத்தது. வன்தட்டைக் காணவில்லை என்ற செய்தி மட்டும் திரையில் நின்றது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்கள் அதில்தான் இருந்தன. வேறு நகல் எடுத்து வைக்காதது என் தவறு. "ஹார்டு டிஸ்க் போயிருக்கும் சார், புதுசு போட்டுடலாம்" என்று பழுது பார்ப்பவர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். தரவு வடம் பாதி கழன்றிருந்தது. அழுத்திச் செருகியதும் கணினி இயங்கியது.

வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து மின்சாரம் தருவது. மற்றொன்று தாய்ப்பலகையோடு தரவைப் பரிமாறுவது. இப்போதைய மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சாட்டா வகை இணைப்பே இருக்கும். மின்வடத்தில் 15 தொடுமுனைகள், தரவு வடத்தில் 7. இரண்டின் வாயும் நம் 'ட' எழுத்து வடிவில் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

மூலையில் பழைய கணினி கிடந்தால் அதையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதில் 40 துளைகள் கொண்ட முனையுடன் பட்டையான பாட்டா வடம் இருக்கலாம். அதில் 16 பிட்டுகள் அருகருகே செல்லும்; உச்ச வேகம் நொடிக்கு 133 மெகாபைட். சாட்டாவில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கின்றன. ஆனாலும் 2003இல் வந்த அதன் முதல் வகையே 150 மெகாபைட்டைத் தொட்டது. பின்னர் 600 வரை உயர்ந்தது.

"கம்பி குறைந்தால் வேகம் எப்படி சார் கூடும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 16 பேரை மைதானத்தில் கைகோத்து நடக்கச் சொன்னேன், வரிசை கலையவில்லை. ஓடச் சொன்னேன், வரிசை சிதறியது. பாட்டா வடத்தில் 16 பிட்டுகளும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். வேகம் கூடினால் சில முந்தும், சில பிந்தும். தனியாக ஓடுபவருக்கு அந்தக் கவலை இல்லை.

பெட்டியைத் திறக்குமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதன் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி வந்தால் கோளாறு வடத்தில் இல்லை, உள்ளே இருக்கக்கூடும். உடனே நிறுத்திவிடுங்கள். அதைக் கழற்றி யு.எஸ்.பி. வழியாக வேறு கணினியில் இணைக்கும்போது 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டால், கோப்புகள் வேண்டுமெனில் 'சரி' என்று அழுத்தாதீர்கள்.