முன்மாதிரி தேடிய ஷெரீப்

இங்கிலாந்தின் தொன்மையான பதவிகளுள் ஒன்று ஷெரீப் பதவி. மாவட்டத்துப் பெருநிலக்கிழார் ஒருவரை மன்னர் ஓராண்டுக்கு அப்பதவியில் அமர்த்துவார். அதற்கு ஊதியம் இல்லை. மதிப்பு மட்டுமே உண்டு. மாவட்டச் சிறை ஷெரீப்பின் பொறுப்பில் இருந்தபோதிலும், பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் அதனைத் துணையலுவலரிடம் விட்டுவிட்டனர். அவ்வாறு விடாத ஒருவரின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

ஜான் ஹோவர்டு 1726இல் பிறந்தார். தந்தையார் இலண்டன் வணிகத்தில் ஈட்டிய செல்வம் இளமையிலேயே அவரை வந்தடைந்தது. 1755இல் லிஸ்பன் நகரைப் பெருநிலநடுக்கம் அழித்தது. அதன்பின் போர்ச்சுகலுக்குக் கப்பலேறிய அவரைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துச் சிறையிட்டனர். பசியையும் தாகத்தையும் அவர் அங்கே அறிந்தார். நாடு திரும்பியபின் பெட்போர்டுஷயரின் கார்டிங்டன் சிற்றூரில் வாழ்ந்து, குடியானவர்களுக்கு நல்ல வீடுகளும் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அமைத்தார்.

1773இல் அவர் பெட்போர்டுஷயரின் ஷெரீப் ஆனார். அரசுத் திருச்சபையைச் சாராதோர் பதவியேற்பதற்குச் சட்டத்தடை இருந்தது. தண்டம் நேரக்கூடும் என்றறிந்தும் அவர் பின்வாங்கவில்லை.

சிறையைத் தாமே சென்று பார்த்த ஹோவர்டு திடுக்கிட்டார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தவர்களும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். காரணம் யாது? சிறைக்காவலருக்கு ஊதியம் கிடையாது. கைதிகள் தரும் கட்டணமே அவருக்கு வருவாய். அதனைச் செலுத்த இயலாத ஏழைக்குத் தீர்ப்பு கிடைத்தும் விடுதலை கிடைக்கவில்லை.

காவலருக்கு மாவட்டமே ஊதியம் வழங்கலாமே என்று ஹோவர்டு நீதிபதிகளிடம் வேண்டினார். அவர்களோ, இதற்கு முன்மாதிரி உண்டா என வினவினர். அவ்வினாவோடு முயற்சி முடிந்திருக்கலாம். ஆனால் அவர் முன்மாதிரியைத் தேடிக் குதிரையேறி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றார். எங்கும் அதே அநீதியைத்தான் கண்டார். சிறைக்காய்ச்சலால் கைதிகள் மடிவதையும் கண்டார்.

1774இல் நாடாளுமன்றத்தின் முன் சான்றளித்தார். அவ்வாண்டே இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, விடுவிக்கப்பட்டோரிடம் கட்டணம் பெறுவதை ஒழித்தது. மற்றொன்று, சிறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசவும் நோயாளிக்குத் தனியறையும் மருத்துவரும் அமர்த்தவும் ஆணையிட்டது. இச்சட்டங்களைத் தம் செலவில் அச்சிட்டுச் சிறைகளுக்கு அனுப்பியதோடு, அவை நடைமுறைக்கு வந்தனவா என்று மீண்டும் நேரிற்சென்று பார்த்தார். இதனை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். சட்டம் இயற்றப்பட்டதும் கடமை முடிந்தது என அவர் எண்ணவில்லை.

1777இல் வெளிவந்த அவரது நூல், சிறைதோறும் கைதிகளின் எண்ணிக்கை, கட்டணம், அறையின் அளவு, நீர்வசதி ஆகியவற்றைப் பதிவு செய்தது. அங்கே அலங்காரச் சொற்களைக் காணோம். அளவுகளும் எண்களுமே வழக்குரைக்கின்றன. ஆய்வு மாணவர்க்கு இஃது ஒரு நற்பாடம்.

பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சிறைகளையும் நோய்த்தடுப்பு விடுதிகளையும் ஆராய்ந்தார். அப்பயணங்களிடையே, இன்றைய உக்ரைனிலுள்ள கெர்சன் நகரில் 1790 ஜனவரி 20ஆம் நாள் காய்ச்சலால் உயிர்நீத்தார். 1796இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் நிறுவப்பட்ட முதற்சிலை அவருடையதே.

முன்மாதிரி உண்டா என்னும் வினா, நற்செயலைத் தள்ளிப்போடுவோர்க்கு ஒரு மறைவிடம். ஹோவர்டோ அதனைத் தேடலின் தொடக்கமாக்கினார். ஓராண்டுப் பதவி முடிந்தது. அப்பதவி அவருக்குக் காட்டிய கடமை பதினேழாண்டுகள் தொடர்ந்தது. பொறுப்பேற்போர் தம் பொறுப்பிலுள்ள கதவைத் திறந்து உள்ளே பார்த்தல் வேண்டும் என்பதே அவ்வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.