நாளை என்று தள்ளலாமா?



நல்ல எண்ணம் இல்லாத குடும்பம் நம் பங்கில் ஒன்றுகூட இராது. கடனை அடைக்கவேண்டும், அண்ணன் தம்பிக்குள் இருக்கும் மனத்தாங்கலைத் தீர்க்கவேண்டும், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லவேண்டும், பாதியில் நின்ற படிப்பை முடிக்கவேண்டும், குடியை விடவேண்டும், நெடுநாளாய் இருக்கும் நெஞ்சுவலிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் எண்ணம் உண்டு. எண்ணத்தில் குறையில்லை. ஆனால் தை பிறக்கட்டும் என்கிறோம். தை பிறந்ததும், தபசுகாலம் கழியட்டும் என்கிறோம். அதுவும் கழிந்ததும், மாதா திருநாள் முடியட்டும், மூத்தவள் கலியாணம் நடக்கட்டும் என்கிறோம். இப்படித் தவணைமேல் தவணை சொல்லி வருஷங்களைக் கழித்துவிடுகிறோம்.

திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்தில், காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். அவற்றுள் முதலாவதாக நிற்பது காலம் நீட்டித்தலே. அழிந்துபோகிறவர்கள் ஆசையோடு ஏறும் மரக்கலம் இவை என்று பரிமேலழகர் அதற்கு உரை சொல்கிறார். கலம் ஏறிப் பிழைக்கும் நமக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமோ? ஏறும்போது சுகமாய்த்தான் இருக்கும். கரை சேராது என்பது பிறகுதான் தெரியும்.

நோயின் வேர்

காலம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று நினைக்கக்கூடாது. நடுச்சாமத்தில் எழுந்து கடலுக்குப் போகிறவனைச் சோம்பேறி என்று யார் சொல்வார்? உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்பார் உண்டோ? ஆயினும் அவர்களும் ஒரு காரியத்தை மூன்று வருஷம் தள்ளிப்போடுகிறார்கள். ஏன்?

முதலாவது, காரியம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து மலைத்துப்போகிறோம். இரண்டாவது, திறமையும் தைரியமும் முதலில் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறோம். இந்த இரண்டாவது எண்ணமே பெரிய ஏமாற்று. உண்மையில் வரிசை தலைகீழானது: தொடங்கினவனுக்கே திறமை வருகிறது. இதற்குச் சாட்சி தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. நம்முடைய முத்துக்குளித்துறையிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு.

பிழையோடு தொடங்கிய அர்ச்சியசிஷ்டவர்

1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்கடற்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் வேதம் கற்பிப்பார் இல்லை. 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அர்ச். பிரான்சீஸ்கு சவேரியார் இங்கே வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டு பிறகு போதிக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால், அது நியாயமாகவே தோன்றியிருக்கும்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டினார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த ஜெபம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றை மிகுந்த பிரயாசையோடு தமிழாக்குவித்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழை இல்லையா? இருந்தது. விசுவாசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று பொருள்படும் சொல் நின்றது. அது சின்னப் பிழையன்று. 1544-இல் சவேரியார் அதைக் கண்டுகொண்டார். உடனே தம் துணைவர் மன்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றிச் சொல்லும்படி பணித்தார். பிழை இருந்ததற்காக அவர் வேலையை நிறுத்தவில்லை. வேலை நடக்கிறதே என்று பிழையை விட்டுவிடவும் இல்லை. ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்ததனால்தான் பிழை கண்ணில் பட்டது. பெட்டிக்குள் இருக்கும் வலையில் ஓட்டை தெரியாது; கடலில் போட்டால்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். சவேரியார் இக்கரையில் உழைத்த காலம் ஏறக்குறைய இரண்டே ஆண்டு. 1545-இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். பிழையற்ற தமிழ் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டும் காத்திருப்பிலேயே கழிந்திருக்கும்.

ஐந்து மாதமும் முப்பது வருஷமும்

1547-இல் சேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துக்கீசர் இங்கு வந்தார். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவர் முழுப்பெயர். அவரும் துபாசியை வைத்துக்கொண்டே பேசினார். துபாசி வாயிலாகக் கற்பிப்பதில் எவ்வளவு இடையூறு! தன் ஆத்துமத்தின் பாரத்தை மூன்றாம் ஆள் ஒருவன் முன் மனந்திறந்து சொல்ல யார் துணிவார்? மரணப்படுக்கையில் கிடக்கிறவன் துபாசி வரும்வரை காத்திருக்கமுடியுமா?

தமிழ் தமக்கு வரவே வராது என்று ஒரு கட்டத்தில் அவர் நம்பிக்கை இழக்கும் நிலையில் இருந்தார். ஆயினும் ஒருநாள் துணிந்து இறங்கினார். 1548 அக்டோபர் 31-ஆம் தேதி வேம்பாரிலிருந்து அர்ச். இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிக்கிறார். இரவும் பகலும் இதுவே வேலையாக இருந்து, சுமார் ஐந்து மாதத்தில் துபாசியின் உதவி அதிகம் வேண்டாத நிலைக்கு வந்துவிட்டார்.

எப்படி முடிந்தது? தமிழ் என்னும் சமுத்திரத்தை முழுவதும் குடிக்க அவர் முயலவில்லை. லத்தீன் இலக்கணத்தில் தாம் கற்ற முறையைக் கொண்டு, வினைச்சொல் காலத்துக்குக் காலம் எப்படி மாறுகிறது, பெயர்ச்சொல் வேற்றுமையில் எப்படி முடிகிறது என்று பகுத்துப் பகுத்து எழுதிக்கொண்டார். அதுவே பின்பு ஓர் இலக்கண நூலாயிற்று. அத்துடன், இக்கரையிலிருந்த குருக்கள் தங்களுக்குள் தமிழிலேயே பேசவேண்டும், தவறினால் தபசு செய்யவேண்டும் என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தொடக்கத்தின் பலன் என்ன? முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 1578 அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கமுள்ள சிறு நூல். ஆயினும் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் என்று உலகம் அதைப் போற்றுகிறது. 1579-இல் கிரிசித்தியானி வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. 1600-இல் அடிகளார் புன்னைக்காயலில் மரித்தார். வேம்பாரில் இலக்கணக் குறிப்பு எழுதத் தொடங்கியபோது அச்சுப் புத்தகத்தை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். முதல் படியை வைத்தார். மற்றப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

காத்திருத்தல் எல்லாம் குற்றமா?

அல்ல. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும்போது கரையில் நிற்பவன் காலம் தள்ளுகிறவன் அல்லன், விவேகி. அவன் எதற்காக நிற்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். எப்போது புறப்படுவான் என்பதும் தெரியும். நிற்கும் நேரத்தில் வலையைச் செப்பனிடுகிறான். ஆகவே உங்கள் காத்திருப்பை இந்த மூன்று கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: எதற்காகக் காத்திருக்கிறேன்? எந்த நாள் வரையில்? இதற்கிடையில் என்ன ஆயத்தம் செய்கிறேன்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது விவேகம். பதில் இல்லையென்றால், அதற்கு நாம் வைத்திருக்கும் நல்ல பெயர் எதுவானாலும், அது தள்ளிப்போடுதலே.

கைக்கொள்ளவேண்டிய வழிகள்

1. காரியத்தைச் சிறிதாக்குங்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இங்கு கடைசியாக நடந்தது. அதைக் கண்ட பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முத்துக்குளிப்பவன் பார் முழுவதையும் ஒரே மூச்சில் அள்ள நினைப்பதில்லை. கல்லைப் பிடித்து இறங்குவான், ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் சிப்பிகளைப் பையில் போடுவான், ஏறுவான், மறுபடியும் இறங்குவான். கடனை அடைப்பது பெரிய காரியம். யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதுவது கால்மணி நேர வேலை. அதை இன்று செய்யலாம்.

2. நேரத்தைக் குறியுங்கள். சமயம் கிடைக்கும்போது என்றால் கிடைக்காது. அந்நாளில் முத்துப்படகுகள் இரவில் கரைக்காற்றைப் பிடித்துப் பாருக்குப் போய், பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பும். காற்றுக்கு ஒரு நேரம் உண்டு. நாமும் நம் காரியத்துக்கு ஒரு நேரம் வைக்கவேண்டும். தினமும் நடக்கும் ஒன்றோடு அதைச் சேர்த்துக்கட்டுவது நல்லது: மாலையில் திரிகால ஜெப மணி அடித்ததும் பாடப்புத்தகம், இராச்சாப்பாடு முடிந்ததும் ஜெபமாலை, சம்பளம் வந்த அன்றே கடன் தவணை.

3. துபாசியை விலக்குங்கள். தள்ளிப்போடுவதைச் சுகமாக்கும் ஏதோ ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு. ஒருவனுக்கு அது கையிலிருக்கும் போன்; ஒருவனுக்கு மாலை நேரக் கூட்டாளிகள்; ஒருத்திக்கு, எல்லாவற்றையும் அவளுக்காகச் செய்துகொடுக்கும் அம்மா. அது பக்கத்தில் இருக்கும்வரை நாம் தொடங்கமாட்டோம்.

4. கயிறு பிடிக்க ஒருவரை வையுங்கள். மூழ்குகிறவன் தனியாக மூழ்குவதில்லை. மேலே படகில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உங்கள் தீர்மானத்தை மனைவியிடமோ, கணவனிடமோ, ஞானத்தகப்பனிடமோ சொல்லுங்கள். கயிறு பிடிக்கிறவர் குத்திக்காட்டக்கூடாது. வாரம் ஒருமுறை, எதுவரை வந்தது என்று அன்பாய்க் கேட்டால் போதும்.

5. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். ஒருநாள் தவறியதனால் எல்லாம் போயிற்று என்று சொல்லிக் கைவிடுவது மறுபடியும் அதே மரக்கலத்தில் ஏறுவதாகும். சவேரியார் ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டு மணியடிக்கப் போனதை நினையுங்கள்.

தள்ளவே கூடாத காரியங்கள்

சில காரியங்களில் தாமதம் வெறும் நஷ்டத்தோடு நிற்பதில்லை. பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் அவன் அடக்கத்துக்கு மட்டும் போய் நின்றவர்கள் எத்தனை பேர்! அன்று சிந்தும் கண்ணீரை யாரும் குறைசொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பார்க்க அவன் இல்லை. சமாதானம் செய்துகொள்வது, பாவசங்கீர்த்தனம், உடம்பில் கண்ட நோய்க்கு வைத்தியம், பிள்ளைகளுக்குள் வழக்கு வராதபடி சொத்தை ஒழுங்குபடுத்துவது ஆகியவை இந்த வரிசையில் சேர்ந்தவை.

குடி முதலிய பழக்கங்களை விட முடியாமல் நாள் கடத்துகிறவர்கள் அர்ச். அகுஸ்தீனாரை நினைத்துக்கொள்வார்களாக. வழி இன்னதென்று தெரிந்தும், மனம் முழுவதும் இணங்கட்டும் என்று அவர் நெடுநாள் தயங்கினார். 386-இல் மிலான் நகரில் மனந்திரும்பி, 387-ஆம் ஆண்டு பாஸ்கு திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே அந்தத் தயக்கம் இருந்ததென்றால், நமக்கு இருப்பது அதிசயமல்ல. அவருக்காக மோனிக்கம்மாள் அழுது ஜெபித்தாள். குடிக்கிறவனுக்கும் வீட்டாரின் ஜெபம் வேண்டும், வைத்தியரின் உதவியும் வேண்டும். இரண்டையும் கேட்பது வெட்கமல்ல. அதுவே முதல் படி.

இந்த வாரப் பயிற்சி

இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் எல்லோரும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். பெரியவர் முதல் சிறுவர் வரை ஒவ்வொருவரும் நெடுநாளாய்த் தள்ளிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லட்டும். அதில் கால்மணி நேரத்தில் செய்யக்கூடிய முதல் வேலை எது என்று கண்டுபிடியுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார் கயிறு பிடிப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அது தொடங்கியிருக்கவேண்டும். அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன், தொடங்கியாயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததா என்று கேட்கவேண்டாம். தொடங்கியாயிற்றா என்பதே இந்த வாரத்துக் கேள்வி.

நம் கரையில் மணியோசையோடு தொடங்கிய நல்ல வேலையை ஆசீர்வதித்த ஆண்டவர், நம் வீடுகளின் சிறிய தொடக்கங்களையும் ஆசீர்வதிப்பாராக.