‘பாலியேட்டிவ்’னு எழுதினா பதறாதே, தங்கச்சி!

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு என் தங்கச்சிகிட்ட இருந்து போன். அவ மாமனாருக்கு நுரையீரல் புற்றுநோய். டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசி வரியில ‘பாலியேட்டிவ் கேர்’னு எழுதிக் குடுத்திருக்காங்க. “கையை விரிச்சுட்டாங்கக்கா”ன்னு ஒரே அழுகை.

அவளைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்க அப்பாவுக்கு இதே வார்த்தையை எழுதினப்ப, அவர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அந்தச் சீட்டைப் பீரோவுல புடவைக்கு அடியில வெச்சுப் பூட்டினவ நான். மூணு மாசம் அது அங்கேயே கிடந்துச்சு. அந்த மூணு மாசமும் அப்பா படுக்க முடியாம, தலகாணியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தே விடிய வெச்சார். அவர் தூங்கறதுக்கு வழி அந்தச் சீட்டுலதான் இருந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. அதனால தங்கச்சிக்குச் சொன்னதை உங்க எல்லாருக்குமே சொல்லிடறேன்.

1. முதல்ல அர்த்தத்தைத் தெரிஞ்சுக்கோ

லத்தீன்ல ‘பாலியம்’னா மேல போர்த்திக்கிற துணி. போர்வை குளிரைத் துரத்தாது, உடம்புல உறைக்காம பார்த்துக்கும். இந்தச் சிகிச்சையும் அப்படித்தான். நோய் இருந்தாலும் வலி, மூச்சிரைப்பு, குமட்டல், தூக்கமின்மை, மனக்கலக்கம் எல்லாத்தையும் தணிக்கும். தமிழ்ல ‘வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை’ன்னு சொல்றாங்க.

‘பாலியேட்டிவ்’ங்கிற பேர் வந்த கதையைக் கேளு. 1967ல லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ்ங்கிற டாக்டர் தீராத நோயாளிகளுக்காக ஒரு ‘ஹாஸ்பிஸ்’ தொடங்கினாங்க. அதைப் பார்த்துட்டு, 1970கள்ல கனடாவோட மாண்ட்ரியல்ல பால்ஃபர் மவுண்ட்ங்கிற டாக்டர் தன் ஆஸ்பத்திரியில ஒரு வார்டு ஆரம்பிச்சார். அங்கே பிரெஞ்சு பேசறவங்களுக்கு ‘ஹாஸ்பிஸ்’னா நாதியத்தவங்களைக் கொண்டுபோய் விடற இடம். சனங்க மிரளக் கூடாதுன்னு அவர் தேர்ந்தெடுத்த வார்த்தைதான் பாலியேட்டிவ் கேர். பயம் வரக் கூடாதுன்னு வெச்ச பேரைப் பார்த்துத்தான் நீயும் நானும் அழுதிருக்கோம்!

2. எதோடயும் போட்டுக் குழப்பிக்காதே

அமெரிக்காவுல இருக்கிற கொழுந்தன் போன்ல ‘ஹாஸ்பிஸா, நர்சிங் ஹோமா’ன்னு கேட்பார். அவர் ஊர் அர்த்தம் வேற. அங்கே மெடிகேர் காப்பீட்டுல ஹாஸ்பிஸ் வேணும்னா, ஆயுள் ஆறு மாசமோ அதுக்குள்ளயோதான்னு டாக்டர் சான்று தரணும். பாலியேட்டிவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. நர்சிங் ஹோம்னா அங்கே முதியவங்களை வருஷக்கணக்கா தங்க வெச்சுப் பார்க்கிற இடம். நம்ம ஊர்ல பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரியும் நர்சிங் ஹோம்தான். யார் எந்த அர்த்தத்துல பேசறாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு.

3. ‘கடைசியில பார்த்துக்கலாம்’னு தள்ளிப் போடாதே

கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்து வாங்கிக்கலாம். 2010ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல, முத்தின நுரையீரல் புற்றுநோய்க்காரங்க 151 பேரைப் பார்த்தாங்க. தொடக்கத்துல இருந்தே பாலியேட்டிவ் சிகிச்சையும் சேர்த்து வாங்கினவங்க நிம்மதியா இருந்தாங்க, மத்தவங்களைவிட ஏறக்குறைய மூணு மாசம் கூடுதலாவும் வாழ்ந்தாங்க. புற்றுநோய்க்கு மட்டும்னும் நினைக்காதே. சிறுநீரகம், இதயம் செயலிழந்தவங்க, பக்கவாதத்துல படுத்தவங்க, பார்க்கின்சன், மறதி நோய்க்காரங்க எல்லாருக்கும் உண்டு.

4. வலிக்கு நம்பர் போடு

‘ரொம்ப வலி’ன்னு சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் பிடிபடாது. வலியே இல்லைன்னா 0, தாங்கவே முடியலைன்னா 10. மாமாவையே நம்பர் சொல்லச் சொல்லி, நேரத்தோட ஒரு நோட்டுல எழுது. எங்கே, எரியுதா, குத்துதா, படுத்தா கூடுதான்னும் சேர்த்து எழுது. ஆம்பளைங்க ‘பரவாயில்லை’ன்னுதான் சொல்லுவாங்க. முகத்தைப் பாரு, சாப்பிட்டு மிச்சம் வெச்ச தட்டைப் பாரு.

5. மாத்திரைக்குக் கடிகாரம்தான் எஜமான்

வலி வந்தப்புறம் குடுக்கிறதில்லை, திரும்ப வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும். டாக்டர் சொன்ன இடைவெளிக்கு போன்ல அலாரம் வை. மார்ஃபின் எழுதினா ‘போதை மருந்தாச்சே’ன்னு ஒதுக்காதே. 1985ல வந்த போதை மருந்துச் சட்டத்தோட கெடுபிடியால நிஜமா வலியில துடிச்சவங்களுக்கே அது கிடைக்காம இருந்தது. 2014ல சட்டத்தைத் திருத்தித்தான் வழியைச் சுலபமாக்கினாங்க. ஆனா அளவை நீயா கூட்டவோ குறைக்கவோ கூடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதுக்கும் மருந்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டு வா.

6. வீடு தேடி வர்றவங்களைக் கூப்பிடு

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரை மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதுல உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் ‘பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வரணும்’னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளு. வந்தா, புண்ணுக்குக் கட்டுப் போடறதையும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறதையும் பக்கத்துல நின்னு கத்துக்கோ.

7. வீட்டுல சொல்ற விதம்

அத்தைகிட்ட ‘இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்’னு சொல்லிடாதே, அது பொய். ‘மாமா வலியில்லாம தூங்கறதுக்குன்னே தனி டாக்டர் இருக்காராம்’னு சொல்லு. இதுதான் முழு உண்மை. மாமாகிட்டயும் மறைக்காதே. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவரையே கேளு.

8. முறை வெச்சுப் பாருங்க

நீ ஒருத்தியே ராவும் பகலும் முழிச்சா, பத்தாவது நாள் உனக்கே டிரிப்ஸ் ஏத்த வேண்டி வரும். வாரத்துல ரெண்டு ராத்திரி உன் வீட்டுக்காரர் முழிக்கட்டும். வெளிநாட்டுக் கொழுந்தன் பணம் அனுப்பட்டும், அதுல ஆள் வெச்சுக்கோ.

நாளைக்குக் காலையில ஓ.பி.க்குக் கிளம்பறப்ப அந்தச் சம்மரி ஃபைலோட மேல இருக்கட்டும், நோட்டு உன் கையில இருக்கட்டும். டோக்கனுக்குக் காத்துக் கிடக்கணும், மாமாவுக்கு ஒரு தலகாணியும் வெந்நீர் பிளாஸ்க்கும் எடுத்துக்கோ. உனக்கும் நாலு இட்லி கட்டிக்கோ, மறந்துடாதே.