முழங்கால் தேய்ந்தாலும் தடுமாறாமல் நிற்க



சங்கக் கூட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் வந்து நிற்கிறது. மாத்திரை, தைலம், அறுவை சிகிச்சை எல்லாம் பேசுகிறோம். கீழே விழாமல் இருப்பது எப்படி என்று மட்டும் பேசுவதில்லை. மூட்டு வலி நம்மை மெதுவாக நடக்க வைக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ குளிப்பதற்குக்கூட இன்னொருவர் கை வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, மைசூரில் முதியவர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் நம்மில் பல. ஆகவே இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. பிசியோதெரபிஸ்டிடம் கற்றுத் தினமும் செய்து வருவதையும், படித்து அறிந்ததையும் இங்கே தருகிறேன்.

தேய்மானத்தால் தடுமாற்றம் ஏன்?

தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே ரப்பர் தகடு வைப்போம். அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். முழங்காலில் அந்த வேலையைச் செய்வது குருத்தெலும்பு. அது தேய்ந்தால் வலி வருகிறது. வலிக்கும் காலை நாம் குறைவாகப் பயன்படுத்துவதால் தொடையின் முன்தசை மெலிகிறது. மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மை நிமிர்ந்து நிற்கவைப்பவை மூன்று: கண், உள்காது, கால் மூட்டுகளிலும் தசைகளிலும் பாதத்திலும் உள்ள உணர்வு நரம்புகள். கண்ணை மூடியிருந்தாலும் கால் மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்று சொல்வது மூன்றாவது. தேய்ந்த மூட்டில் இந்தச் செய்தி மங்குகிறது. இரவில் விளக்கில்லாமல் எழுந்தால் கண்ணும் உதவாது.

பயிற்சியால் இதைச் சீராக்க முடியும் என்பதே நல்ல செய்தி. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர் சங்கம் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி ஆகியவற்றை முழங்கால் தேய்மானத்துக்கு உறுதியாகப் பரிந்துரைத்தது. சமநிலைப் பயிற்சியும் யோகாவும் நிபந்தனையுடன் அதில் இடம்பெற்றன. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது.

பயிற்சி முறை

மீட்டர் கேஜின் அகலம் 1000 மி.மீ., பிராட் கேஜ் 1676 மி.மீ. அடி அகன்றால் நிலை உறுதி. கால்களுக்கும் இதே கணக்குதான். அகலத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறுக்க வேண்டும்.

சமையல் மேடையைப் பிடித்து நில்லுங்கள். பின்னால் கனமான நாற்காலி இருக்கட்டும். வீட்டில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

1. கால்களை அகட்டி நின்று, உடல் எடையை இடமும் வலமும் மெல்ல மாற்றுங்கள். பக்கத்துக்கு 10 முறை.
2. இரு பாதங்களையும் சேர்த்து 10 விநாடி நில்லுங்கள். நாளடைவில் 30 விநாடி.
3. ஒரு குதிகால் மற்றக் காலின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும்படி நில்லுங்கள்.
4. ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மற்றப் பாதம், குதிகால் விரலைத் தொட.
5. கடைசியாக ஒற்றைக்கால், 10 விநாடி.

ஒரு நிலை எளிதான பிறகே அடுத்தது. முதலில் இரு கைப்பிடி, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். கால் நிலையையும் கைப்பிடியையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கண்ணை மூடிச் செய்வதைத் தனியாக முயல வேண்டாம்.

இவற்றோடு, உயரமான நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருவது 10 முறை, மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை.

வலிக்கு ஓர் அளவுகோல் உண்டு. 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிய 'கிளாட்' என்னும் மூட்டுப் பயிற்சித் திட்டம் இதைக் கற்பிக்கிறது. வலிக்கு 10-க்கு மதிப்பெண் போடுங்கள். 5 வரை பொறுக்கலாம். மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பயிற்சியைக் குறையுங்கள்.

அன்றாடத்தில்

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஏறுவதைவிட, குக்கரஹள்ளி ஏரிக்கரையின் சமதளப் பாதையில் நடப்பது நம் முழங்காலுக்கு நல்லது. குளியலறையில் கைப்பிடி, படுக்கையறையில் இரவு விளக்கு இரண்டும் அவசியம். விழித்தவுடன் எழாமல் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்காருங்கள்.

முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, திடீரென மடிந்தாலோ, அண்மையில் விழுந்திருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்கள் உள்காதையும் சோதிக்க வேண்டும். 1965-இல் தோன்றிய அகில இந்திய பேச்சு, கேள்வி நிறுவனம் நம் மானசகங்கோத்ரியிலேயே உள்ளது. ரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் தள்ளாட்டம் தரலாம். மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெளியூரிலிருந்து தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் பிள்ளைகள், "இன்று பயிற்சி செய்தீர்களா, அப்பா?" என்றும் கேட்க வேண்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வாழ்க நலமுடன்.